மூன்றாம் எண் இட்லி

ஆவாரம்பாளையத்தில் லேத்துப் பட்டறைகளும் மோட்டார் காயில் கட்டும் கடைகளும் தோளோடு தோள் இடித்து நிற்கும் ஒரு சந்தில், மேகலா கிரைண்டர் கம்பெனியின் சோதனை அறையில், புரட்டாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றின் காலை எட்டே காலுக்கு, மயிலாத்தாள் இட்லிக் கொப்பரையைத் திறந்து மூன்றாம் எண் தட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தபோது, அதிலிருந்த நான்கு இட்லிகளும் தட்டைவிட்டு எழுந்து, ஆவியோடு ஆவியாக மேலே போய், கூரைக்கு ஒரு சாண் கீழே நின்றுகொண்டன.

"ஆறண்ணா, அந்த ஃபேனை நிறுத்துங்க" என்றாள் மயிலாத்தாள்.

ஆறுச்சாமி ஃபேனை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். "நல்லா வெந்திருக்குதுங்க" என்றார். பிறகு ஸ்டூலை எடுத்து வரப் போனார்.

அந்த அறையின் வேலை ஒப்பிடுவது. மாதம் ஒருமுறை, மேகலா கிரைண்டர் ஒன்றையும், கடையிலிருந்து புத்தம் புதிதாக வாங்கி வந்த போட்டிக் கம்பெனிகள் நான்கின் கிரைண்டர்களையும் வரிசையாக வைத்து, ஒரே மூட்டை அரிசி, ஒரே மூட்டை உளுந்து, ஒரே சிறுவாணித் தண்ணீர், ஒரே அளவு ஊறல் என்று ஆட்டிப் பார்ப்பார்கள். ஆட்டுகிறவர் ஆறுச்சாமி. ஆட்டிய மாவை ஐந்து எவர்சில்வர் போசிகளில் வழித்து, அவர் மனசுக்குத் தோன்றிய வரிசையில் ஒன்று முதல் ஐந்து வரை எண் ஒட்டி, எந்த எண் எந்தக் கம்பெனி என்று ஒரு சீட்டில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார். செருகியதும் மறந்தும்விடுவார். மறப்பார் என்பதற்காகவே அவரை அந்த வேலைக்கு வைத்திருந்தார்கள். தன் மகளுக்குக் கல்யாணம் நடந்த வருஷத்தைக்கூடப் பத்திரிகையைத் தேடி எடுத்துப் பார்த்துத்தான் சொல்லுகிறவர் அவர்.

அதற்குப் பிறகு எல்லாம் மயிலாத்தாள். எந்தப் போசி எந்தக் கம்பெனியுடையது என்று தெரியாமலே ஐந்திலும் உப்புப் போட்டுக் கலக்குவாள். கைக்குக் கை சூடு வேறு, ஒரு கை கலக்கிய மாவு பொங்கும், இன்னொரு கை கலக்கியது படுத்துக்கொள்ளும் என்பது எந்த வீட்டு அடுப்படிக்கும் தெரிந்த விஷயம். அதனால் ஐந்தையும் ஒரே கைதான் கலக்க வேண்டும், ஒவ்வொன்றையும் நாற்பது சுற்று, கூடாமல் குறையாமல். மறுநாள் காலை பொங்கிய உயரத்தை ஸ்கேலால் அளந்து, இட்லி ஊற்றி, எடை போட்டு, கட்டை விரலால் அமுக்கி, பள்ளம் மேலே வர எத்தனை நொடி என்று பார்த்து, பதிமூன்று கட்டங்கள் உள்ள தாளை நிரப்பி, அடியில் கையெழுத்துப் போடுவாள். கையெழுத்துக்கு மேலே ஒரு வரி அச்சடித்திருக்கும்: "ஐந்து போசிகளும் ஒரே கையால், நாற்பது சுற்று, கலக்கப்பட்டன என்று உறுதி கூறுகிறேன்." அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். பத்தொன்பது வருஷமாக இப்படித்தான் நடந்தது.

ஸ்டூலில் ஏறி இறக்கிய இட்லியை மயிலாத்தாள் தராசில் வைத்தாள். அது நிற்கவில்லை. ஐம்பது கிராம் எடைக்கல்லில் நூல் கட்டி, நூலின் மறு முனையில் இட்லியைக் கட்டித் தராசில் வைத்தபோது நாற்பத்தாறு காட்டியது. எடை என்ற கட்டத்தில் "கழித்தல் நான்கு கிராம்" என்று எழுதினாள். கட்டை விரலால் அமுக்க, ஆறுச்சாமி கீழேயிருந்து கையால் அணை கொடுத்தார். பன்னிரண்டு கட்டங்கள் நிரம்பின, பதிமூன்றும் நிரம்பியது. பேனா கடைசி வரிக்கு வந்தபோது நின்றுவிட்டது.

ஏனென்றால் முந்தின நாள் சாயங்காலம், அவள் மூன்றாம் போசியில் கை வைத்துப் பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, போன் அடித்தது. நான்கு வருஷமாக அடிக்காத ஒரு பெயர் அதில் ஒளிர்ந்தது. இடது கையால் எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா" என்றது போன். பிறகு, "இட்லி மாவுக்கு உப்பு, ஆட்டுன உடனே போடோணுமா, காத்தால போடோணுமா?"

"உடனே போட்டரோணும் கண்ணு" என்றாள் மயிலாத்தாள். "கையாலயே கலக்கோணும்."

"சரி" என்றது போன். ஆனாலும் வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ ஒரு குக்கர் மூன்று விசில் விட்டது, ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது, யாரோ மாடிப்படியில் இறங்கிப் போனார்கள், மகள் மூச்சு விடுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது, அதைக் கேட்டுக்கொண்டு மயிலாத்தாளின் வலது கை மூன்றாம் போசியைக் கலக்கிக்கொண்டே இருந்தது. போன் அடங்கியபோது அவள் எத்தனை சுற்று சுற்றினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. நூறா இருநூறா தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் கணக்கு விட்டது அன்றுதான்.

அப்போதே சொல்லியிருந்தால் அந்தப் போசியைக் கொட்டிவிட்டு மறுபடி ஆட்டியிருப்பார்கள். கொட்டுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

மகள் பெயர் தாரணி. ஒப்பிடுகிற கை வீட்டுக்குப் போனாலும் சும்மா இருப்பதில்லை. ஒன்றின் தரம் தெரிய வேண்டுமென்றால் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார் என்பது மயிலாத்தாளுக்குச் சோறு போட்ட பாடம். அதனால் தாரணியின் உயரத்தைப் பக்கத்து வீட்டுச் சுகன்யாவின் உயரத்தோடும், தாரணியின் மார்க்கைச் சுகன்யாவின் மார்க்கோடும், தாரணியின் சடை நீளத்தை, கோலத்தை, சைக்கிள் பழகிய நாளை, அப்பா இறந்த வருஷம் அவள் அழுத அழுகையைக்கூட, யாருடையதோடாவது சேர்த்து வைத்தே பார்த்தாள். வெறுப்பால் அல்ல, பழக்கத்தால். ஓசூர்க் கம்பெனியில் வேலை கிடைத்து மகள் பையோடு வாசலில் நின்ற அன்றும், "சுகன்யா பெங்களூருக்கே போயிட்டாளாமா" என்று வாயில் வந்துவிட்டது. தாரணி பையைக் கீழே வைத்தாள்.

"அம்மா, பக்கத்துல ஆரையும் நிறுத்தாம என்னைய ஒரே ஒரு வாட்டி பாத்திருக்கறயா?"

பதில் வருவதற்குள் டவுன் பஸ் வந்துவிட்டது.

இதெல்லாம் சந்துக்குத் தெரியாது. சந்துக்குத் தெரிந்தது மூன்றாம் எண் இட்லி மிதக்கிறது என்பது மட்டுமே. அதை அவர்கள் இரண்டே நாளில் பழகிக்கொண்டார்கள். மாவு ஒரு போசிதான் என்பதால் குளிர்பெட்டியில் வைத்து, தினமும் காலை நான்கே நான்கு இட்லி என்று முறை வைத்து, ஒவ்வொன்றையும் எட்டாகக் கிள்ளி, கம்பெனியின் முப்பத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கிள்ளலாகக் கொடுத்தார்கள். லேத்துப் பட்டறைக்காரர்கள் வந்து நின்றதும் அதையும் பாதியாக்கினார்கள். தேங்காய்ச் சட்னி தொட்டால் தலை மட்டத்துக்கு இறங்கும், சாம்பார் ஊற்றினால் தட்டிலேயே உட்காரும், பொடியும் நல்லெண்ணெயும் தடவினால் நெஞ்சு உயரத்தில் நின்று ஆடும் என்று மூன்றாம் நாளே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பொடிக் கட்சி சட்னிக் கட்சி என்று சந்து இரண்டாகப் பிரிந்தது. தையல்கடை ராஜாத்தி நூல் கட்டும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். பிள்ளையார் கோயில் பூசாரி படையலில் ஒன்று வைத்து, அது மேலே போய் மணியில் முட்டி மணி அடித்ததும், சாமியே வாங்கிக்கொண்டது என்று சொல்லி நிம்மதியாக வீட்டுக்குப் போனார். தொண்டையில் ஆபரேஷன் செய்து எதுவும் இறங்காமல் கிடந்த வாட்ச்மேன் ரங்கண்ணன் ஒரு கிள்ளல் வாயில் வைத்ததும், அது விழுங்கவே தேவையில்லாமல் தானாகப் போய்விட்டதாகச் சைகையால் சொன்னார். அன்றிலிருந்து முதல் கிள்ளல் அவருக்கென்று ஆனது.

யாரும் எப்படி மிதக்கிறது என்று கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: மூன்று யாருடைய கிரைண்டர்?

போட்டிக் கம்பெனிகள் நான்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், நான்கு பேரும் ஒரே கடை மைசூர்பாகோடு. "மூணு நம்முளுதுதானுங்களே?" என்று நான்கு பேரும் ஆறுச்சாமியின் காதில் கேட்டார்கள். டீக்கடையில் உட்காரவைத்து வெங்காய பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, செவ்வாய்க்கிழமை என்ன சட்டை போட்டிருந்தீர்கள், முதலில் எந்தக் கிரைண்டரைக் கழுவினீர்கள் என்று நைசாகத் தொடங்கி ஞாபகத்தை இழுத்துப் பார்த்தார்கள்.

"பஜ்ஜி நல்லா இருக்குது" என்றார் ஆறுச்சாமி. "தம்பி எந்தூருங்க?"

"காத்தால இருந்து மூணு வாட்டி சொல்லிட்டனுங்க!"

"அப்படீங்களா. இன்னொரு பஜ்ஜி சொல்லுங்க."

முதலாளி நாச்சிமுத்து மட்டும் பஜ்ஜி வாங்கித் தரவில்லை. இரண்டு வருஷமாக மேகலா கிரைண்டர் கடைகளில் பின்வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தது. தீபாவளிக்குள் ஏஜெண்டுகள் ஆர்டர் கொடுக்காவிட்டால் இரண்டாம் ஷிப்டை நிறுத்த வேண்டியதுதான் என்று அவர் யாரிடமும் சொல்லாதது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மருதமலைக்கு நடந்தே வருவதாக முருகனிடம் சொல்லி வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ஏஜெண்டுகள் கூட்டம், அவர்கள் முன்னால் உறையைப் பிரிப்பது என்று ஏற்பாடு.

"மயிலாத்தா, கையெழுத்து மட்டுந்தான பாக்கி?"

"ஆமாங்க மொதலாளி."

"எடைக் கட்டம் இடிக்குதா? கழித்தல் போட்டா ஒண்ணும் தப்பில்ல அம்மிணி."

"அது இடிக்கலீங்க."

அவர் மேலே கேட்கவில்லை. அவள் பார்த்துப் பார்த்துச் செய்கிறவள் என்று அவருக்குத் தெரியும். முப்பத்திரண்டு பேரும் அப்படியே நினைத்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. செக்கிங்கில் இருக்கும் பூங்கோதை தினமும் வந்து, "அக்கா, மூணு நம்முளுதுதான், எனக்குக் கனவு வந்துச்சு, நீங்க போட்டுருங்க" என்பாள். அவள் இரண்டாம் ஷிப்டுக்காரி. அவளைப் பார்க்கும்போதெல்லாம் மயிலாத்தாளின் கை பேனாவுக்குப் போகும், அந்த அச்சடித்த வரியைப் பார்த்துத் திரும்பி வரும். போட்டால் ஒரு பொய். போடாவிட்டால் அந்த போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மூச்சுச் சத்தத்தை ஊர் நடுவில் எடுத்து வைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாவும் வழித்து ஊற்றினால் கடைசி ஒரு தட்டுக்கு வந்துவிட்டது. ஏஜெண்டுகள் இருபது பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சந்து முழுவதும் ஜன்னலில் தொங்க, மயிலாத்தாள் கொப்பரையைத் திறந்தாள். நான்கும் எழுந்தன. ஈரோட்டு ஏஜெண்டு ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார். நாச்சிமுத்து தாளையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்தார்.

"எனக்கு இதுல கையெழுத்துப் போட முடியாதுங்க" என்றாள் மயிலாத்தாள். "மூணாம் போசிய நான் நாப்பது சுத்து கலக்கலீங்க. கலக்கும்போது எம்புள்ள போன் பண்ணுச்சு. நாலு வருசம் கழிச்சுப் பண்ணுச்சு. உப்பு எப்பப் போடோணும்னு கேட்டுச்சு. அப்பறம் பேசாம இருந்துச்சு. நானும் பேசாம கேட்டுட்டே இருந்தேன். கணக்கு உட்டுப்போச்சுங்க. இது கிரைண்டரு பண்ணுனதா, எங்கை பண்ணுனதா, எனக்குத் தெரியாதுங்க."

மேலே இட்லி ஒன்று ட்யூப்லைட்டில் மெல்ல முட்டித் திரும்பியது.

நாச்சிமுத்து பிள்ளையார் படத்துக்குப் பின்னாலிருந்து உறையை எடுத்தார். கையெழுத்து இல்லாமல் உறையைப் பிரித்தது அந்தக் கம்பெனியில் அது முதல் தடவை. சீட்டைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார், பிறகு ஆறுச்சாமியிடம் கொடுத்தார்.

"மூணு, மேகலா" என்று ஆறுச்சாமி புதிதாகக் கேள்விப்படுகிறவர்போல உரக்கப் படித்தார்.

ஜன்னலில் கூச்சல் கிளம்பியது. பூங்கோதை அழுதே விட்டாள். ஈரோட்டு ஏஜெண்டு முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "அப்பறம் என்னுங்க! அந்தம்மா ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். ஆருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

நாச்சிமுத்து அண்ணாந்து அந்த நான்கு இட்லிகளையும் வெகு நேரம் பார்த்தார். ஊரிலேயே பெரிய ஆர்டர் தலைக்கு மேலே நூல்கூடக் கட்டாமல் நிற்கிறது.

"இங்க இருக்கறவங்களுக்கெல்லாம் தெரியுமுங்களே" என்றார் கடைசியில். "கிரைண்டர் வாங்கறவங்க வூட்டுக்கெல்லாம் மயிலாத்தாளும் அவ புள்ளயும் போக முடியுங்களா? ஆறண்ணா, அரிசி ஊறப் போடுங்க. திருப்பி ஆட்டலாம். நாப்பது சுத்து." பிறகு அவளிடம் திரும்பி, "இதுக்கா அம்மிணி பத்து நாளாச் சோறு திங்காமத் திரிஞ்ச?" என்றார்.

திருப்பி ஆட்டினார்கள். சனிக்கிழமை காலை ஐந்து எண்களின் இட்லிகளும் தட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. மயிலாத்தாள் கையெழுத்துப் போட்டாள், உறையைப் பிரித்தார்கள், மேகலா இரண்டாவதாக வந்திருந்தது. போன மாதம் நான்காவது. போன மாதத் தோல்விக்குப் பிறகு கிரைண்டர் கல்லின் தடிமனை ஒரு நூல் அளவு கூட்டியது வேலை செய்திருக்கிறது என்று அந்தத் தாள் சொன்னது. தங்கிப் பார்த்த ஏஜெண்டுகள் வானத்தளவு ஆர்டர் கொடுக்கவில்லை. இரண்டாம் ஷிப்டு ஓடுகிற அளவுக்குக் கொடுத்தார்கள். கணக்கில்லாமல் ஒருமுறை கலக்கிப் பார் என்று சந்தே கெஞ்சியதால் மயிலாத்தாள் பிற்பாடு ஒரு நாள் அதையும் செய்து பார்த்தாள். எண்ணாதே என்று சொல்லிக்கொண்ட மனசு முன்னைவிட உரக்க எண்ணியது. மிதக்கவில்லை. யாரும் வருத்தப்படவில்லை, ரங்கண்ணன் அதற்குள் கஞ்சி குடிக்கத் தொடங்கியிருந்தார்.

அந்தக் கடைசி நான்கு இட்லிகளை வெள்ளிக்கிழமையன்று யாருக்கும் கிள்ள மனம் வரவில்லை. ஆறுச்சாமிதான் ஜன்னலைத் திறந்துவிட்டார், வெக்கையாக இருக்கிறது என்று. நான்கும் வரிசையாக வெளியே போய், வேப்பமரத்தைத் தாண்டி, பட்டறைகளின் புகைபோக்கிகளைத் தாண்டி, காக்கைகள்கூட வழிவிட, வடகிழக்காகப் போயின. "சத்தி ரோட்டுப் பக்கம் போவுது" என்றாள் ராஜாத்தி. "அப்படியே போனா மைசூரு." "இல்ல, ஓசூரு" என்றார் ஆறுச்சாமி, எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத ஆறுச்சாமி.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் மயிலாத்தாள் காந்திபுரத்தில் பஸ் ஏறினாள். நான்கு வருஷமாக எடுத்து வைத்திருந்த விலாசச் சீட்டைக் காட்டிக் கேட்டுப் போய், பகல் ஒரு மணிக்கு ஓசூரில் ஒரு மாடி வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த தாரணியின் கை முழுவதும் மாவு.

மயிலாத்தாளின் நாக்கில் பழைய வார்த்தைகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன: யாரைவிட மெலிந்துவிட்டாள், யாரைவிடக் கறுத்துவிட்டாள், யார் வீடு இதைவிடப் பெரிது. அவள் ஒன்றையும் உள்ளே விடவும் இல்லை, வெளியே விடவும் இல்லை. வாசலிலேயே நின்று மகளைப் பார்த்தாள். மகளுக்கு வலது புருவத்தில் ஒரு சின்ன வெட்டுத்தழும்பு இருந்தது, அது எப்போது வந்தது என்று இவளுக்குத் தெரியாது. ஓசூர்க் குளிரில் உதடு வெடித்திருந்தது. கண் அவளுடைய அப்பாவின் கண் போல என்று தோன்றப் போய், இல்லை, அது தாரணியின் கண்தான் என்று தெரிந்தது.

"என்னம்மா அப்படிப் பாக்கறே?"

"ஒண்ணுமில்ல கண்ணு. பாக்கறேன்."

தாரணி கதவை முழுவதும் திறந்தாள். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. "இந்தக் குளுருக்கு மாவு பொங்கவே மாட்டேங்குது. மிக்ஸில அரைச்சது வேற" என்று சொல்லிக்கொண்டே தட்டில் இரண்டை வைத்தாள். தட்டையாக, ஓரம் கெட்டியாக, நடுவில் லேசாக மஞ்சள் பாரித்து இருந்தன. மேகலாவின் பதிமூன்று கட்டங்களில் ஒன்றைக்கூட அவை தாண்டியிருக்காது. மகள் அடுப்பைத் துடைப்பவள்போல முதுகைக் காட்டிக்கொண்டு, "எப்படி இருக்குது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தோளை இறுக்கிக்கொண்டாள்.

மயிலாத்தாளின் கட்டை விரல் தானாக இட்லியின் மேல் போனது. அமுக்கவில்லை. அதைக் கொண்டே ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தாள். இட்லி மிதக்கவில்லை, வைத்த இடத்தில் கனமாக உட்கார்ந்திருந்தது. உப்பு சரியாக இருந்தது.

"பசி கண்ணு. இன்னொண்ணு வையி" என்றாள்.

தாரணியின் தோள் மெல்ல இறங்கியது. இன்னொன்று வைத்தாள். பிறகு தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மதியம் சாயும்வரை இருவரும் சாப்பிட்டார்கள். எத்தனை என்று இரண்டு பேரும் எண்ணவில்லை.